இந்திரசேனன் ஐயாவின் சொந்தக் குரல்

பாடசாலை விட்டுத் தெல்தெனிய பஸ்ஸுக்காகக் கண்டியில் நின்றுகொண்டிருந்தபோது இர்ஷாத் நானா போன் எடுத்தார். எங்கள் வீடுகளில் அண்ணனை நானா, அம்மாவை உம்மா, சித்தப்பாவைச் சாச்சா என்போம். இவர் என் சாச்சாவின் மகன். வழக்கமாக “எங்க நிக்கிறாய், பஸ் கெடச்சிட்டா?” என்று தொடங்குவார். அன்று, “ஹஸ்னா, ஐயா மவுத்தாகிட்டார்” என்றார். இறந்தது எந்த ஐயா என்று நான் கேட்கவில்லை. நாங்கள் ஐயா என்று கூப்பிட்டது ஒருவரைத்தான்.

மறுநாள் பத்திரிகையில் அவருடைய பழைய படம் ஒன்று வந்திருந்தது. ஒரு புருவம் உயர்ந்து, மீசை முறுக்கி, கையில் சவுக்கோடு நிற்கும் படம். கீழே பெரிய எழுத்தில் “இடிக் குரல் ஓய்ந்தது” என்று போட்டிருந்தார்கள். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் அதைக் கையால் தடவி, “அடேயப்பா, என்னா குரல், என்னா சிரிப்பு” என்றார். அவர் உண்மையாகவே வருந்தினார். அப்போதே இதை எழுத வேண்டும் என்று தீர்மானித்துவிட்டேன்.

ஐயாவை அறிந்தவர்களுக்கும் திரையில் பார்த்து நடுங்கியவர்களுக்கும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். அந்த இடிக் குரல் அவருடையது அல்ல. இது இரகசியமும் அல்ல. அவரே ஊரறியச் சொன்னார். ஊரே கேட்டது. கேட்டுவிட்டு ஊரே சிரித்தது. அவர் அதைச் சொன்ன இடம் ஒரு கார்ட்டூன் என்பதால் எல்லோரும் அதை நகைச்சுவை என்று எண்ணிக்கொண்டார்கள். நான் அந்தக் கார்ட்டூனில் அவரோடு ஒரே மைக்கின் முன் நின்று பேசியவள். எனவே சிரிப்பு இல்லாமல் அதை ஒருமுறை சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

நம் நாட்டில் தமிழ்ப் படங்கள் எடுக்கப்பட்ட அந்தக் கறுப்பு வெள்ளைக் காலத்தில் இந்திரசேனன் என்ற பெயர் ஒரு வில்லனின் பெயர். வீட்டுப் பெயர் பழனியாண்டி. புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். எங்கள் உம்மா சிறுமியாக இருந்தபோது தொலைக்காட்சியில் அவர் முகம் வந்தால் கதிரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாராம். படங்கள் நின்றுபோன பிறகு ஐயா கண்டியில் ஒரு தியேட்டரில் டிக்கெட் கிழிக்கும் வேலை பார்த்தார். அவரிடம் டிக்கெட்டை நீட்டப் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்றும், அவர் யாரோடும் பேசமாட்டார், தலைக்கனம் பிடித்தவர் என்றும் அந்தக் காலத்தவர்கள் சொல்வார்கள். பேசாததற்குக் காரணம் வேறு. அதற்கு வருகிறேன்.

இர்ஷாத் நானா கண்டியில் ஓர் அச்சகத்தில் கல்யாணக் கார்டும் பேனரும் வடிவமைக்கிறார். வேலை முடிந்த நேரங்களில் கணினியில் சித்திரங்களை அசைய வைப்பார். அவர் யோசித்த கார்ட்டூன்தான் “பென்சன் வில்லன்”. பழைய படமொன்றிலிருந்து ஒரு வில்லன் இறங்கி எங்கள் ஊர் போன்ற ஒரு சின்ன ஊரில் குடியேறுகிறான். ஊர் முழுக்க வர்ணம். அவன் மட்டும் கறுப்பு வெள்ளை. அவன் வாங்கிய மாம்பழம் கையில் பட்டதும் சாம்பல் நிறமாகிவிடும். சிவப்பு ஆட்டோவில் ஏறினால் அவன் உட்கார்ந்த பக்கம் மட்டும் நிறம் போய்விடும். ஊரில் யாரும் அவனுக்குப் பயப்படுவதில்லை என்பதுதான் கதை. வில்லனாக ஐயாவையே வரைய வேண்டும், ஐயாவையே பேச வைக்க வேண்டும் என்று நானா புசல்லாவைக்குப் போய்க் கேட்டார்.

“என்னையக் கீறப் போறீங்களா? எந்த வயசுல?” என்று கேட்டாராம் ஐயா.

“பழைய படத்தில இருந்த மாதிரித்தான் ஐயா. மீசை, சவுக்கு எல்லாத்தோடயும்.”

“அப்ப மேக்கப் மிச்சம்” என்று சொல்லிச் சம்மதித்தாராம். பேச வேண்டும் என்பது அப்போது அவர் காதில் சரியாக விழவில்லை என்று நினைக்கிறேன். அல்லது விழுந்தும் விழாதது போல் இருந்திருக்கலாம்.

ஒலிப்பதிவு சனிக்கிழமைகளில், தெல்தெனியவில் எங்கள் வீட்டில். பெரிய அலுமாரியின் கதவுகளைத் திறந்து, உம்மாவின் சாரிகளுக்கு நடுவே மைக்கைத் தொங்கவிட்டு, ஜன்னலுக்குக் கம்பளி கட்டியிருந்தோம். துணி எதிரொலியை உறிஞ்சிவிடும் என்று நானா எங்கோ படித்திருந்தார். ஐயா புசல்லாவையிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து எங்கள் ஊருக்கு ஒரு பஸ் என்று மாறி வந்து சேர்ந்தார். மெலிந்த, வழுக்கை விழுந்த, மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர். மீசை இல்லை. கையில் உம்மாவுக்காகத் தேயிலைத் தூள் பை. நான் வாசலில் அவரைப் பார்த்துவிட்டு, அவருக்குப் பின்னால் வில்லன் வருகிறாரா என்று தெருவைப் பார்த்தேன்.

“சூட்டிங் எங்க?” என்றார்.

“இங்கதான் ஐயா. அலுமாரிக்குள்ள.”

அலுமாரியை மேலும் கீழும் பார்த்தார். “சரிதான். நான் அலுமாரிக்குள்ள ஒளியாத படமே கெடையாது.”

நான் வில்லனின் பக்கத்து வீட்டுச் சிறுமி மின்னாவுக்குக் குரல் கொடுக்க இருந்தேன். “வணக்கம் சேர்” என்று முறையாகச் சொன்னேன். அவர் கையை ஆட்டினார். “கூட நடிச்ச நடிகைங்க யாரும் என்னைய சேர்னு கூப்புட்டதில்ல. ‘அடப் பாவி’ன்னுதான் கூப்புட்டாங்க. நீங்க ஐயான்னு கூப்புடுங்க, ரெண்டுக்கும் நடுவுல பாதி வழிக்கு வந்த மாதிரி இருக்கும்.” அன்றிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. “சக நடிகை வந்தாச்சா?” என்பார். “சக நடிகைக்குப் பரீட்சையா?” என்பார். என் வயதில் எவளுக்கும் இப்படி ஒரு பட்டம் கிடைத்திருக்காது.

ஆனால் மைக்கின் முன் அவர் வேறு ஆளாகிவிட்டார். நெஞ்சை நிமிர்த்தி, தொண்டையைச் செருமி, “ஹா… அற்பச் சிறுமியே!” என்று தொடங்கினார். பெரியவருடைய சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு சிறுபிள்ளை நடப்பது போல் இருந்தது. நாலைந்து சொல்லுக்குள் இருமல் வந்துவிட்டது. நானா மரியாதையாக, “இன்னொருக்கா எடுப்போம் ஐயா” என்றார். இன்னொருக்காவும் அப்படியே. ஒருமுறை நன்றாக வந்துகொண்டிருந்தபோது பாண் ரொட்டி விற்கும் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் வந்தது. ஐயா மனம் ஆறியவர் போல, “வில்லனுக்கு எதிரா ஹீரோ வந்துட்டாரு, அவர் போகட்டும்” என்று உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் அந்தத் தவறு நடந்தது. எங்கள் இரு வீட்டுத் தமிழும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊர்களில் மட்டுமே நடக்கக்கூடிய தவறு. நானா கதையை எங்கள் வீட்டுப் பேச்சில் எழுதியிருந்தார். எங்கள் பேச்சில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. மின்னாவின் ஆடு கட்டறுத்து ஓடுகிறது. அவள் தன் அக்காவைக் கூப்பிடுகிறாள். அந்த அக்காவுக்குக் குரல் கொடுக்க வேண்டிய என் தாத்தா நஸ்ரா அன்று வகுப்புக்குப் போயிருந்தாள். அவள் பதிலைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், இடைவெளி விட்டுப் பேசு என்றார் நானா. நான் முழு மூச்சோடு கத்தினேன்.

“தாத்தா! தாத்தா, ஆடு ஓடுது!”

அந்த இடைவெளிக்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “என்னம்மா? எந்தப் பக்கம் ஓடுது?”

ஐயா கதிரையிலிருந்து பாதி எழுந்து நின்றார். கையில் தேத்தண்ணீர்க் கோப்பை. ஆட்டைப் பிடிக்க உண்மையாகவே கிளம்பிவிட்டவர் போல வாசலைப் பார்த்தார். பிறகு எங்கள் மூவரின் முகத்தையும் பார்த்து, “என்னைய இல்லியா?” என்றார்.

உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அறையை விட்டு ஓடினார். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நானா சிரிக்கவில்லை. அவர் காதில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றி, “ஐயா, இப்ப பேசினீங்களே, அந்தக் குரல்தான் வேணும்” என்றார்.

அது கொஞ்சம் மெல்லிய குரல். ஓரத்தில் சிறிது கரகரப்பு. ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் லேசாக மேலே ஏறி, பதிலுக்குக் காத்திருப்பது போல் நிற்கும். புசல்லாவைப் பேச்சு. நான் அதுவரை கேட்டவற்றில் பயமே கலக்காத குரல் அது.

ஐயா கோப்பையை வைத்துவிட்டார். “அது ஆகாது தம்பி. அது வீட்டுல பேசுறது” என்று வெளியே போனார்.

எங்கள் முற்றத்திலிருந்து பார்த்தால் மரங்களுக்கிடையே விக்டோரியா நீர்த்தேக்கத்தின் ஒரு துண்டு தெரியும். அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் நானாவும் பின்னால் போய் நின்றோம். அவர் திரும்பாமலேயே சொன்னார்.

“படத்துல பேசுனது நான் இல்ல. மொதப் படத்துல நான்தான் பேசுனேன். டைரக்டர் போட்டுப் பாத்தாரு. ‘மூஞ்சியப் பாத்தா ஜமீந்தாரு, வாயத் தொறந்தா தேயிலை மலை’ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். என்ன செய்ய? அப்பறம் கொழும்புல இருந்து ஒரு நாடகக்காரரக் கூட்டியாந்து பேச வச்சாங்க. அந்தச் சிரிப்பும் அவரோடதுதான். நல்ல மனுசன். அவர் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல.”

“பிறகு நீங்க யாருக்கும் சொல்லலயா ஐயா?” என்று கேட்டேன்.

“எப்புடிச் சொல்லுறது? சொல்லணும்னா வாயத் தொறக்கணுமே.”

இப்போது எழுதும்போது அது ஒரு நல்ல பகிடி போலத் தெரிகிறது. அன்று அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை. மேடைக்குக் கூப்பிட்டால் போகமாட்டார். யாராவது அந்தச் சிரிப்பைச் சிரித்துக் காட்டச் சொன்னால் தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டுப் புருவத்தை மட்டும் உயர்த்துவார். வானொலி நாடகத்துக்குக் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். தியேட்டர் வாசலில் நின்ற அத்தனை வருடமும் டிக்கெட்டைக் கிழித்தாரே தவிர, “உள்ள போங்க” என்றுகூடச் சொன்னதில்லை. தலைக்கனம் என்று ஊர் சொன்னது இதைத்தான்.

“எங்க வீட்டுக்காரி கல்யாணம் கட்டுன புதுசுல கண்டிக்குப் படம் பாக்க வந்துச்சு. நான் திரையில வந்து வாயத் தொறந்ததும் பக்கத்துல இருந்த என்னையத் திரும்பிப் பாத்துச்சு. ‘யாருங்க பேசுறது?’ன்னுச்சு. அது ஒண்ணுதான் கண்டுபுடிச்சது.”

அப்போதுதான் அவர் தன் ஆசையைச் சொன்னார். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஆசையைப் பற்றியதுதான். “பஸ்ஸுல ஏறுனா இப்பவும் சில பேரு மூஞ்சியப் பாத்துட்டு உத்து உத்துப் பாப்பாங்க. ஒருத்தராவது ஒரு தடவ என் பேச்சக் கேட்டுத் திரும்பிப் பாத்தா எப்புடி இருக்கும்னு நெனைப்பேன். அவ்வளவுதான். தேத்தண்ணி ஆறிருச்சு, வாங்க.”

அன்று மாலை “அற்பச் சிறுமியே” என்பதை நானா அடித்துவிட்டு, “பாப்பா, உங்க ஆடு என் சவுக்கத் தின்னுருச்சும்மா” என்று மாற்றினார். ஐயா சொந்தக் குரலில் அதைச் சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட உம்மா, “இந்தப் பேச்சு நல்லா ஈக்கி. எங்கட வீட்டு ஆள் மாதிரி ஈக்கி” என்றார். இருக்கு என்பதை உம்மா அப்படித்தான் சொல்வார். சிறுவயதில் கதிரைக்குப் பின்னால் ஒளிந்தவர் சொன்ன அந்த வார்த்தையை ஐயா பெரிதாக மதித்தார். எத்தனையோ தடவை திரும்பத் திரும்ப என்னிடம் சொல்லியிருக்கிறார்.

முதல் பகுதி இணையத்தில் வந்தது. நாங்கள் எதிர்பாராதது நடந்தது. பார்த்தவர்கள் ஆட்டை விரும்பினார்கள், சாம்பல் மாம்பழத்தை விரும்பினார்கள். ஐயாவின் குரலை மட்டும் ஏற்க மறுத்தார்கள். அடுத்த சனிக்கிழமை ஐயா என்னிடம், “சக நடிகை, என்ன எழுதியிருக்காங்கன்னு வாசிங்க. விடாம வாசிங்க” என்றார். நான் வாசித்தேன். ‘இது இந்திரசேனன் இல்லை, ஏமாற்றுகிறார்கள்.’ ‘இந்த ஆளுக்கு இந்திரசேனன் மாதிரிப் பேசவே வரவில்லை.’ ‘அந்தச் சிரிப்பு எங்கே?’ ‘எனக்குத் தெரிந்த ஒரு மிமிக்ரிக் கலைஞர் அச்சாக அவரைப் போலவே பேசுவார், நம்பர் தரவா?’

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கே நான் டூப்பா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

அவருடைய சிரிப்பைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அதில் சத்தமே கிடையாது. தோள் இரண்டும் குலுங்கும், கண் மூடிக்கொள்ளும், கடைசியில் மூக்கால் ஒரு சின்ன விசில். அவ்வளவுதான். நாட்டையே நடுங்க வைத்த சிரிப்புக்குச் சொந்தக்காரர் என்று பெயர் வாங்கியவருக்குச் சத்தமாகச் சிரிக்கவே வராது. நானா அதை ஒலியாகப் பதிய முடியாமல், வில்லனின் தோள் குலுங்குவதாக வரைந்து அந்த விசிலை மட்டும் சேர்த்தார்.

அன்று சிரித்தாரே தவிர, அதற்கடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. போனில் “நெஞ்சு சளி” என்றார். நானாவும் தடுமாறினார். சிரிப்பை மட்டுமாவது அந்த மிமிக்ரிக்காரரைக் கொண்டு செய்யலாமா என்று என்னிடம் கேட்டார். “அப்படிச் செய்தால் அந்த டைரக்டருக்கும் நமக்கும் என்ன நானா வித்தியாசம்?” என்றேன். புத்தகத்தில் வாசித்தது போல் பேசாதே என்று என்னை ஏசினார். ஆனால் போயா என்னும் பௌர்ணமி விடுமுறையன்று என்னையும் கூட்டிக்கொண்டு புசல்லாவைக்குப் பஸ் ஏறினார்.

ஐயாவின் மனைவி லெட்சுமி அம்மா எங்களை வரவேற்று, உள்ளே கைகாட்டினார். ஐயா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க, வாங்க. நல்ல நேரத்துக்கு வந்தீங்க. ரெண்டு வாரமா வாய மூடிக்கிட்டு இருக்காரு. வாழ்க்க பூரா மூடிக்கிட்டு இருந்தது பத்தலயாம்.”

“சும்மா இரு புள்ள. கொரலு போயிருச்சு” என்றார் ஐயா.

“எங்க போயிருச்சு? போயிருந்தா போய்த் தேடிக்கிட்டு வாங்க. வீட்டுல குந்தியிருந்தா அதுவா வருமா?”

நானா என்னைப் பார்த்தார். நான் நானாவைப் பார்த்தேன். ஐயாவும் மெல்ல எங்கள் பக்கம் திரும்பினார். “வில்லன் தன் குரலைத் தேடிப் போறான்” என்றார் நானா. “குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குப் போவானா?” என்றார் ஐயா, மூக்கில் விசிலோடு. லெட்சுமி அம்மாவின் ஒரு சலிப்பிலிருந்து எங்கள் கடைசிப் பகுதி பிறந்தது இப்படித்தான்.

அந்தப் பகுதியைப் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். வில்லன் காலையில் எழுந்து வாயைத் திறக்கிறான், சத்தம் வரவில்லை. தேடிப் புறப்படுகிறான். குட்ஷெட்டில் வாயைத் திறந்தால், “கம்பளை, கம்பளை, கம்பளை” என்று கண்டக்டரின் குரல் வருகிறது. சந்தையில் திறந்தால் மீன்காரரின் குரல். ஓர் அலுவலகத்தில் திறந்தால் கவுண்டரில் இருப்பவர் சொல்லும் “ஹெட்ட என்ன” வருகிறது. நாளைக்கு வா என்ற அந்தச் சிங்களச் சொல்லைக் கேட்டு, அங்கே வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பழைய தியேட்டருக்குப் போனால் அந்த இடிச் சிரிப்பு வருகிறது. வில்லன் பயந்து தன் வாயைத் தானே பொத்திக்கொள்கிறான். கடைசியில் களைத்துப்போய் வேலியோரம் உட்காரும்போது மின்னா கூப்பிடுகிறாள். “தாத்தா! ஆடு ஓடுது!” அவன் வாயிலிருந்து கையை எடுக்கிறான். “என்னம்மா?”

அந்த “என்னம்மா” புதிதாகப் பேசியது அல்ல. முதல் நாள் தவறுதலாகப் பதிவானதையே நானா வைத்தார். அதற்குப் பிறகு வரும் பேச்சை ஐயா தானே அமைத்தார். அப்போது அவருக்கு மூச்சிழுப்பு அதிகம். சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேச, நானா அந்தத் துண்டுகளைக் கணினியில் ஒட்டிக்கொண்டே போனார். நான் தண்ணீர்க் கோப்பையோடு பக்கத்தில் நின்றேன். அவர் சாரிகளுக்கு நடுவே தலையை நீட்டிச் சொன்னது இது:

“படத்துல எல்லாம் மூஞ்சி என்னோடது, கொரலு இன்னொருத்தரோடது. இதுல மூஞ்சி கீறுனது, கொரலு என்னோடது. ரெண்டும் ஒண்ணா சேந்து ஒரு நாளும் நான் வந்ததில்லம்மா. பரவாயில்ல. ஆடு எந்தப் பக்கம் ஓடுச்சு?”

அந்த இடத்தில் வில்லனுக்கு வர்ணம் வந்துவிடுவதாகக் காட்டலாம் என்று நானா நினைத்திருந்தார். ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. “வேணாம். உண்மையச் சொன்னா ஒடனே கலர் வந்துருமா? கறுப்பு வெள்ளையாவே இருக்கட்டும். ஆடு மட்டும் அவனுக்குப் பக்கத்துல வந்து நிக்கட்டும்.” அப்படியே செய்தோம். அவர் சொன்னதுதான் சரி.

பகுதி வெளிவந்தது. மக்கள் மிகவும் ரசித்தார்கள். ‘குரல் என்னோடது இல்லையாம், சூப்பர் ஜோக்!’ என்று எழுதினார்கள். ‘இந்திரசேனன் குரல் இல்லாததற்கு நல்லாச் சாட்டுச் சொல்கிறார்கள்’ என்றும் எழுதினார்கள். ஒருவர்கூட நம்பவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஐயா என்னைத் தேற்றினார். “உண்மையச் சொல்லிப் பாத்தோம், சிரிச்சாங்க. சிரிக்கத்தானே எடுத்தோம்? சக நடிகை இதுக்கெல்லாம் அழக் கூடாது. அழுதா மைக்குக்குக் கேக்கும்.”

அன்று அவரைப் புசல்லாவை பஸ்ஸில் ஏற்றிவிட நானும் நானாவும் குட்ஷெட்டுக்குப் போனோம். கூட்டம். மழைத் தூறலுக்குத் தலையில் சால்வை சுற்றியிருந்தார், முகத்தில் பாதி மறைந்திருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, நாங்கள் கீழே நிற்க, கண்டக்டரிடம், “புசல்லாவ ஒண்ணு குடுங்க தம்பி” என்றார்.

முன் சீட்டில் தாயின் மடியில் இருந்த ஒரு சின்னப் பிள்ளை சட்டென்று திரும்பினாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள். குழம்பிப்போய் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், முதல் நாள் நான் பார்த்தது போலவே. பிறகு தாயின் கன்னத்தைத் திருப்பி, “அம்மா! ஆட்டுத் தாத்தா பேசுறாரு!” என்றாள்.

“சும்மா இரு. அது யாரோ பெரியவரு. மன்னிச்சுக்கங்க ஐயா, இது எந்த நேரமும் கார்ட்டூன்தான்” என்றார் அந்தத் தாய்.

ஐயா பிள்ளையின் பக்கம் குனிந்தார். “ஆடு எந்தப் பக்கம் ஓடுச்சும்மா?” என்றார்.

பிள்ளை அலறிச் சிரித்தாள். தாய் வாய் திறந்தபடி அவரைப் பார்த்தார். ஐயாவின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. பஸ் புறப்பட்டு வளைவில் திரும்பும் வரை குலுங்கிக்கொண்டே இருந்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் அவரை உயிரோடு பார்க்கவில்லை.

சாவு வீட்டுக்கு நானும் உம்மாவும் நானாவும் போனோம். வீதியோரம் வெள்ளைக் கொடிகள் கட்டியிருந்தார்கள். முற்றத்தில் கூடாரம், ஒலிபெருக்கி. ஐயாவைக் கௌரவிக்க நினைத்த இளைஞர்கள் பழைய படத்தின் வசனத்தைத் தேடியெடுத்து ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்கள். இடிச் சிரிப்பு தேயிலை மலையெல்லாம் எதிரொலித்தது. வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்னா சிரிப்பு” என்றார்கள். நான் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லெட்சுமி அம்மா தலையை உயர்த்தினார். கல்யாணம் கட்டிய புதிதில் தியேட்டரில் திரும்பியது போலவே பக்கத்தில் திரும்பி, ஐயாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்துச் சொன்னார்.

“யாரு அது கத்துறது? அந்த ஆள நிப்பாட்டுங்க. எங்க வீட்டு மனுசனப் போடுங்க.”

இளைஞர்களுக்கு விளங்கவில்லை. நானாவுக்கு விளங்கியது. அவர் ஒலிபெருக்கியை அவர்களிடமிருந்து வாங்கித் தன் போனோடு இணைத்தார். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு என்னுடைய குரல் கூடாரம் முழுக்கக் கேட்டது. “தாத்தா! ஆடு ஓடுது!”

“என்னம்மா?” என்றார் ஐயா.

முற்றத்தில் இருந்த பேரன் பேத்திகளும், அக்கம்பக்கத்தார் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வீட்டின் பக்கம் திரும்பினார்கள். பெரியவர்கள்தான் கொஞ்சம் தாமதித்துத் திரும்பினார்கள். “இது நம்ம பழனியாண்டி அண்ணன் பேச்சுல்ல?” என்று ஒருவர் கேட்டார். “அவர் பேச்சுத்தான்” என்று லெட்சுமி அம்மா சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் வாய்விட்டு அழுதார்.

ஐயாவிடமிருந்து எனக்கென்று கிடைத்தது ‘என்னம்மா?’ என்ற அந்த ஒரு சொல்தான். அது என் போனில் இருக்கிறது. ஆனால் நான் போனைத் தேடிப் போவதில்லை. வீட்டில் நான் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை என் தாத்தா நஸ்ராவைக் கூப்பிடுகிறேன். புத்தகத்தைக் காணவில்லை என்றாலும், சோறு ஆறுகிறது என்றாலும், “தாத்தா!” என்றுதான் கத்துகிறேன். “என்ன புள்ள, வாரன்” என்று அவள் உள்ளிருந்து பதில் சொல்கிறாள். அவள் சொல்லி முடித்த பிறகும் நான் ஒரு கணம் அப்படியே நிற்கிறேன். அலுமாரி இருக்கும் அறையிலிருந்து இன்னொரு பதிலும் வர வேண்டியிருக்கிறது.